கூடவே பிடித்த மூச்சு

எக்ஸ்ரே அறைக்கும் என் ஆய்வகத்துக்கும் நடுவே ஒன்பது அடி அகலத்தில் ஒரு நடை இருந்தது. பதினோரு ஆண்டுகள் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து சளி மாதிரிகளைச் சோதித்தேன். அந்தப் பக்கம் அவர் படம் எடுத்தார். அவர் நின்று பொத்தானை அழுத்தும் சிறிய தடுப்பறைக்கு நடைப்பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அதன் வழியாகப் படம் எடுத்துக்கொள்கிறவர் தெரிய மாட்டார். அக்காவை மட்டும் பார்க்கலாம்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அதுவுமில்லாமல் மருத்துவமனையில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்டதில்லை. டாக்டர்கள், நர்சுகள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், வரிசையில் நிற்கிற நோயாளிகள் எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்கா.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒன்றைக் கவனித்து நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். "மூச்ச நல்லா இழுங்க, அப்பிடியே புடிங்க" என்று சொன்னதும் அக்காவின் தோள்கள் மேலே ஏறும். கன்னம் லேசாக உப்பும். பொத்தானை அழுத்தி, மணி அடித்து, "வுடலாம்" என்று சொல்லும்போதுதான் தோள் இறங்கும். ஒரு நாளைக்கு நாற்பது படம் என்றால் நாற்பது தடவையும் இப்படித்தான்.

ஒருநாள் கேட்டேன். "படம் அவங்களுக்குத்தானே, நீங்க எதுக்குக்கா மூச்சு புடிக்கறீங்க?"

"எனக்கு முட்டும்போது அவங்களுக்கும் முட்டும் தம்பி. அதுக்குள்ள அமுக்கிடணும்ல."

"அதுக்கு மனசுக்குள்ள எண்ணிக்கலாமே."

"எண்ணுனா நம்பர்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மூச்சைப் பிடிக்கச் சொல்ல அவருக்கு மூன்று மொழிகள் தெரியும். எல்லைப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தால் "உசிரு ஹிடிரி" என்பார். தெலுங்கு பேசுகிறவர்களிடம் "ஊப்பிரி பட்டண்டி". இரண்டு மொழியிலும் இதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் பேச வராது. பென்னாகரம் பக்கத்திலிருந்து காது கேட்காத ஒரு பெரியவர் வந்தார். அவருக்கு எந்த மொழியும் உதவவில்லை. இரண்டு படமும் கலங்கலாக விழுந்துவிட்டன. அக்கா தடுப்பறையிலிருந்து வெளியே வந்து, பெரியவரின் உள்ளங்கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தார். தோள் ஏறியது. பெரியவரும் இழுத்தார். இப்படி மூன்று முறை பழக்கிவிட்டு, உள்ளே போய், நோயாளியைப் பார்க்கிற கண்ணாடிக்குப் பின்னால் நின்று தோளை உயர்த்திக் காட்டினார். மூன்றாவது படம் தெளிவாக வந்தது. பெரியவர் போகும்போது அக்காவின் தோளை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் மேசை இழுப்பறையில் ஒரு மஞ்சள் நூல்கண்டும் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றும் இருக்கும். எங்கள் பக்கத்துப் பெண்கள் தாலிச் சங்கிலியில் நாலு ஊக்காவது கோத்திருப்பார்கள். அத்தனையும் நெஞ்சுப் படத்தில் வெள்ளை வெள்ளையாக விழும். கழற்றச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடும். அக்கா மஞ்சள் நூலில் ஒரு முழம் அறுத்து முதலில் அதைக் கழுத்தில் கட்டிவிடுவார். அதற்குப் பிறகுதான் சங்கிலியைக் கழற்றச் சொல்வார். "ஒரு நிமிசங்கூட வெறுங்கழுத்து இல்ல, போதுமா?" என்பார். டப்பாவில் தலைமுடிக் கிளிப்புகள் இருந்தன. பின்னி முன்னால் விட்ட சடையும் படத்தில் நிழலாக விழும். நுரையீரலின் மேற்பகுதியில் காசநோய் எப்படித் தெரியுமோ, கிட்டத்தட்ட அப்படியே தெரியும். அதனால் சடையைத் தூக்கிக் கொண்டையாக்கி ஒரு கிளிப்பைக் குத்திவிடுவார்.

இருபத்தாறு ஆண்டுகள் படம் எடுத்தவருக்குப் படத்தைப் பார்க்கத் தெரியாமல் இருக்குமா? ஆனால் சொல்லக் கூடாது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு நோயாளியிடம் "மேல கொஞ்சம் சளி மாதிரி தெரியுது" என்று சொல்லிவிட்டாராம். அப்போதிருந்த டாக்டர் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்: "எடுக்கறது உன் வேலை, படிக்கறது என் வேலை. சம்பளத்த மாத்திக்கலாமா?" அதற்குப் பிறகு அக்கா வாயைத் திறந்ததில்லை. அதற்குப் பதில் ஒரு வழி கண்டுபிடித்தார். சந்தேகமான படம் என்றால் உறையின் வலது மேல் மூலையை மடித்து அனுப்புவார். வந்து போன டாக்டர்கள் எல்லோரும் அந்த மடிப்பைப் புரிந்துகொண்டார்கள். அதைப் பற்றி அவரிடம் ஒருவரும் பேசியதில்லை.

படங்கள் கணினிக்கு மாறியதும் உறை போய்விட்டது. உறையோடு மடிப்பும் போனது. அதற்குப் பின்னால்தான் பெட்டி வந்தது.

தோளில் மாட்டிக்கொண்டு போகிற அளவில் ஒரு எக்ஸ்ரே கருவி, கூடவே ஒரு மடிக்கணினி. இரண்டும் ஒரே பெட்டியில் வந்ததால் எங்களுக்கு அதன் பெயர் பெட்டி. ஊர் ஊராகப் போய்க் காசநோய் முகாம் நடத்துவதற்காகக் கொடுத்தார்கள். மடிக்கணினிக்குள் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது என்றார் சொல்லிக்கொடுக்க வந்தவர். நெஞ்சுப் படம் போய்ச் சேர்ந்த சில விநாடிகளில் சந்தேகமான இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்டுவிடும். வளையம் விழுந்தவரிடம் சளி வாங்கி என்னிடம் கொடுக்க வேண்டும்.

எங்கள் டாக்டரம்மாவுக்கு மிகுந்த சந்தோஷம். பணிக்கு வந்து இரண்டு வருடந்தான் ஆகியிருந்தது. மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இன்னொரு சோடிக் கண்ணு கெடச்ச மாதிரி" என்றார். எனக்கோ சோதிக்க வேண்டிய மாதிரிகள் பெருகிவிடுமே என்ற கவலை. அதையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.  மாலையில் பெட்டியை உறையில் போட்டு மூடும்போது அக்கா என்னிடம் மட்டும் சொன்னார்.

"இருவத்தாறு வருசம் நான் வாயத் தொறக்கல தம்பி. இது வந்த அன்னிக்கே பேசுது."

டாக்டரம்மா அவரைத் தேற்றப் பார்த்தார். "உங்க வேலைய இது எடுத்துக்காதுக்கா."

"எடுத்துக்கட்டுங்க மேடம். எனக்கும் முட்டி வலி. ஆனா மூச்சு யாரு புடிப்பாங்க?"

முதல் முகாம் ஏரியூர்ப் பக்கம். பெட்டி ஒரு பெண்ணுக்கு வளையம் போட்டது. அக்கா படத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். சடையைத் தூக்கிக் கட்டிவிட்டு மறுபடி எடுத்தார். வளையம் காணவில்லை. "சடையக் கூடத் தெரியல, இதுக்குச் சீக்கு தெரியுமாம்" என்றார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அன்று முதல் வளையம் விழுகிற போதெல்லாம் யாராவது "சடையா பாருங்க அக்கா" என்பார்கள். எங்கள் முகாம் வண்டியில் அது ஒரு வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. ஆனாலும் வளையம் விழுந்தால் இரண்டாவது படம் எடுக்காமல் அக்கா ஒருவரையும் அனுப்பியதில்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

அது பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். காலையில் நாலு பெண்களுக்கு வளையம் விழுந்தது. நாலும் சடை நிழல். அக்காவுக்குச் சலித்துப்போனது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற எல்லாப் பெண்களுக்கும் முன்கூட்டியே கொண்டை போட்டுக் கிளிப் குத்திவிட்டார். ஐந்து மணி தாண்டியதும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பந்தலைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். கடைசியாக நின்றவர் இருபத்து நான்கு வயதுப் பெண். இடுப்பில் குழந்தை, பக்கத்தில் கணவன். குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றார். படம் எடுத்தாயிற்று. வலது மேல் பக்கம், காறை எலும்புக்குப் பின்னால், சின்னதாக ஒரு வளையம் விழுந்தது.

"அக்கா, செவப்பா ஒண்ணு வருதுங்களே" என்றான் கணவன்.

"அது சடைப்பா. இதுக்குச் சடைன்னாவே ஆகாது. ஒண்ணும் இல்ல, மழை வருது, கெளம்புங்க."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

வண்டியில் உட்கார்ந்து பதிவேட்டைச் சரிபார்த்தேன். அறுபத்திரண்டு பேர். ஐந்து வளையம். இரண்டாவது படம் நாலுதான் இருந்தது. கட்டங்கள் நிரம்பாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அக்கா முன்னிருக்கையில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, திரும்பி வந்த கிளிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கடைசி ஆளுக்கு ரெண்டாவது படம் எடுக்கலையா?"

"அது சடைங்க தம்பி."

"சரி, காரணம் சடைன்னு எழுதிக்கறேன்."

நான் எழுதினேன். அக்கா கிளிப்புகளை இன்னொரு முறை எண்ணினார். பிறகு டப்பாவை மூடினார்.

"எழுதாத தம்பி."

"ஏங்க்கா?"

"ஒரு பச்சைக் கிளிப்பு கொறையுது. அந்தப் புள்ள தலையோட போயிருச்சு. நாந்தான் அதுக்குக் கொண்ட போட்டுவுட்டேன்."

சடை முன்னால் கிடக்காதபோது சடை நிழல் எங்கிருந்து வரும்?  அக்கா அங்கேயே மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார். படத்தைப் பெரிதாக்கி, நெடுநேரம் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இருக்குது" என்றார். 

பதிவேட்டில் இருந்த எண் பக்கத்து வீட்டுக்காரருடையது. நான் அழைத்தேன். "அவங்க நாளைக்குக் காத்தால ரயிலுக்குத் திருப்பூர் போறாங்களே. ரெண்டு பேருக்கும் பனியன் கம்பெனில வேல கெடச்சிருக்குது" என்றார். அக்கா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. திருப்பூரில் இருக்கிற மருத்துவமனைக்குத் தகவல் கொடுத்துவிடலாம், அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

"போனா கெடைக்கமாட்டா மேடம். அங்க எந்த லைன் வூடுன்னு தேடறது? காய்ச்ச மாத்திரையப் போட்டுக்கிட்டு மெஷின்ல உக்காந்துக்குவா. புள்ளை வேற மடியிலயே கெடக்குது."

மறுநாள் முதல் பேருந்தில் அக்கா பொம்மிடிக்குக் கிளம்பினார். நானும் சளி வாங்குகிற டப்பா ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கூடப் போனேன்.  ரயில் நிலையம் நெருங்கியபோது அக்கா கேட்டார்.

"மிஷின் தப்புன்னு நெனச்சது எப்ப தம்பி? படத்தப் பாத்த பொறவா, பாக்கறதுக்கு முந்தியா?"

பேருந்து நின்றதும் இறங்கி உள்ளே ஓடினோம்.

நடைமேடையில் அவர்கள் இருந்தார்கள். இரண்டு பைகள், ஒரு சாக்கு மூட்டை, அதன்மேல் குழந்தை. பெண்ணின் கொண்டையில் பச்சைக் கிளிப் அப்படியே இருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் கை தலைக்குப் போனது. "ஐயோ, கிளிப்புக்கா வந்தீங்க?"

"கிளிப்ப நீயே வெச்சுக்க சாமி. நேத்து உனக்குத் தப்பாச் சொல்லிட்டேன். அதச் சொல்ல வந்தேன்."

கணவன் எழுந்தான். "நீங்கதானங்க ஒண்ணும் இல்லன்னீங்க? நான் கேட்டதுக்குச் சடைன்னு சிரிச்சீங்க."

"ஆமாப்பா. மிஷினு சரியாத்தான் காட்டுச்சு. நான்தான் பாக்கல."

நடைமேடையில் பத்துப் பதினைந்து பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் துறையில் ஒருவர் நோயாளியின் முகத்தைப் பார்த்து நான்தான் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"எனக்கு ஒண்ணும் பண்ணலைங்க்கா" என்றார் பெண். "லேசாச் சளி. அங்க போய்ப் பாத்துக்கறேன்."

"நாளைக்கு ரெண்டு பேரும் போய் நிக்கலன்னா அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்றான் கணவன். "உங்க மிஷினு ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நாங்க எதத்தான் நம்பறது?"

 அக்கா பெண்ணின் முன்னால் போய் நின்றார். "மிஷின வுடு. என்னையும் வுடு. மூச்ச நல்லா இழுத்துப் புடி பாக்கலாம். நானும் புடிக்கிறேன்."

இருவரும் இழுத்தார்கள். அக்காவின் தோள் ஏறியது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. என் கை தானாகவே கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டது. எட்டாவது விநாடியில் பெண்ணுக்கு இருமல் வெடித்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டார். இருமல் நிற்கச் சிறிது நேரம் ஆனது. அதுவரை அக்காவின் தோள் இறங்கவில்லை. கணவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

வண்டி வந்தது. அவன் சாக்கு மூட்டையையும் ஒரு பையையும் ஏற்றினான். இன்னொரு பையைக் கீழேயே விட்டான். குழந்தையைத் தூக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு அக்காவைப் பார்த்தான். "பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அவன் மட்டும் ஏறிக்கொண்டான்.

அன்று மதியமே சளியை நான் சோதித்தேன். காசநோய்தான். முடிவை எடுத்துக்கொண்டு அந்த ஒன்பது அடியைக் கடந்து போய்க் காட்டினேன். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆறு மாசத்துல செரியாயிரும்" என்றார். அது எனக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை. குழந்தையையும் சோதித்தோம். அதற்கு ஒன்றும் இல்லை. தடுப்பு மருந்து மட்டும் கொடுத்தோம். கணவன் அடுத்த வாரம் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து தானும் படம் எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அக்கா பெட்டிக்கு அடங்கிப் போய்விட்டார் என்று யாராவது நினைத்தால் அவரைத் தெரியாதவர்கள் என்று அர்த்தம். டாக்டரம்மாவிடம் போய், வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டார். "ரெண்டு பேர்ல ஒருத்தருக்குச் சந்தேகம்னாலும் சளி எடுக்கணுங்க மேடம். அது சொன்னாலும் செரி, நான் சொன்னாலும் செரி." டாக்டரம்மா பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடச் சொன்னார். கோடு போட்டது நான்தான். தலைப்பு: "எக்ஸ்ரே எடுப்பவர் கருத்து." உறையின் மூலையில் அத்தனை ஆண்டுகள் மடிந்து கிடந்தது அந்தக் கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

அந்தக் கட்டத்தில் அக்கா எழுதி நான் சோதித்தவற்றில் பல வெறுமனே போயின. அதை மறைக்க மாட்டேன். ஆனால் செங்கல் சூளைக்காரர் ஒருவருக்குப் பெட்டி எதுவும் காட்டவில்லை. அக்கா "பார்க்கவும்" என்று எழுதியிருந்தார். அவருக்கு நோய் இருந்தது. நான் போய்ச் சொன்னபோது அக்கா துள்ளிக் குதிக்கவில்லை. மடிக்கணினியின் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அதுக்கும் அன்னிக்கி ஹாரன் அடிச்சிருப்பாங்க, பாவம்."

அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது மகளோடு ஓசூரில் இருக்கிறார். பார்த்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எக்ஸ்ரே அறையில் வேறொருவர் வேலை செய்கிறார். கைதேர்ந்தவர். தோள் ஏறாது. படங்கள் தெளிவாகத்தான் வருகின்றன. அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அவர் ஓய்வு பெற்ற நாள் அல்ல. அதற்கு நாற்பது நாள் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்று அந்தப் பெண் மருந்து முடித்து வந்தார். கடைசிப் படம். முகாம் இல்லாத நாட்களில் மருத்துவமனைப் படங்களையும் பெட்டியின் மடிக்கணினிதான் பார்க்கும். முகம் திரண்டு, கன்னத்தில் சதை போட்டிருந்தது. யாரும் சொல்லாமலே பச்சைக் கிளிப்பைக் குத்திக் கொண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் வேலையை விட்டுவிட்டு நடையில் வந்து ஜன்னலருகே நின்றேன்.

"மூச்ச நல்லா இழுங்க. அப்பிடியே புடிங்க."

அக்காவின் தோள் ஏறியது. பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. வழக்கமாக அடுத்த சொல் "வுடலாம்". அன்று அது வரவில்லை. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் வந்தது. பெட்டி யோசிக்கும்போது சுற்றுகிற சின்னச் சக்கரம் சுற்றியது. நின்றது. வளையம் இல்லை. அக்கா அதோடு விடவில்லை. குனிந்து, வலது மேல் பக்கம் காறை எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து, கீழே வரைக்கும் ஒரு முறை மெதுவாகத் தானும் பார்த்தார்.

உள்ளே இருந்து மூச்சை அடக்கிய குரல் வந்தது. "அக்கா, வுடலாமா வேண்டாங்களா?"

அப்போதுதான் தோள் இறங்கியது.

"வுடு சாமி" என்றார் அக்கா.

அன்றைய நாட்குறிப்பில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன். இருபத்தொரு விநாடி, இருமல் இல்லை.